பாவடியில் இறங்கிய கூட்டம்

மேட்டூர் அணையில் தண்ணீர் தேக்கிய மறு வருஷம் தை மாதத்தில் சேலத்தின்மேல் ஒரு பனி இறங்கியது பாருங்கள், அப்படி ஒரு பனியை அம்மாபேட்டைத் தறிக்காரர்கள் அதற்கு முன் கண்டதில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று கூப்பிட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பனி மற்றவர்களுக்கு எப்படியோ, பாவு போடுகிறவனுக்கு அது சத்துரு.

பாவு என்பது தறியில் ஏறப்போகும் நீள இழைகள். ஏற்றுவதற்கு முன்னால் அதற்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் இழைக்குத் தெம்பு வரும், குறுக்கிழையோடு நாடாக்கட்டை ஓடும்போது அறுந்து விழாது. அறுபது முழப் பாவை விரிக்க எந்த வீட்டுக்குள் இடம் இருக்கிறது? அதனால் வேப்பமர வரிசைக்கு நடுவே நீளமாக ஒரு பொட்டலைத் தெருவார் எல்லோருக்கும் பொதுவில் விட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் பாவடி. விடியலில் அங்கே கவைக்கால்களின்மேல் இடுப்பு உயரத்துக்குப் பாவை விரித்து இழுத்துக் கட்டுவார்கள். அரிசிக்கஞ்சியைத் தடவுவார்கள். பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று, நீளமான நார்ப்பிரசால் இழைகளைக் கோதிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள். உலரும் மட்டும் நடை நிற்கக்கூடாது. நின்றால் ஈர இழை பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டி உலர்ந்த பாவு மாடு கட்டுகிற கயிற்றுக்கு ஆகும், வேட்டிக்கு ஆகாது.

அன்றைக்குப் பாவடியில் குழந்தைவேலின் முறை. அவன் பெண்டாட்டி ராசாத்திக்கு முதல் நாளிலிருந்தே கவலை. காரணம் இருந்தது. கிட்டங்கியில் நூல் அடுக்கி வைத்துத் தறிக்காரர்களுக்குக் கொடுக்கும் கைலாச முதலாளி பத்து வருஷமாகக் குழந்தைவேலுக்குத் துண்டும் துப்பட்டியும் நெய்கிற மட்ட நூல்தான் கொடுத்துவந்தார். மெல்லிய நூறாம் நம்பர் நூலை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான், கையால் தொட்டதில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் இந்தத் தைக்குத்தான் ஒரு பாவுக்கு ஆகிற நூலைக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லியும் விட்டார்.

"இது ஒழுங்கா வந்துதுன்னா மேல பேசலாம் குழந்தைவேலு. வீணாக்கிப்போட்டயோ, துண்டுத் தறிக்கே போயிரு. நல்ல நூலுன்னு கேட்டுக்கிட்டு என்ர கிட்டங்கிப் படி ஏறாதே."

ராசாத்தி சேந்தமங்கலத்துப் பெண். கொல்லிமலை அடிவாரம். அவளுடைய அப்பனும் அண்ணன்மாரும் காட்டிலே தேன் எடுப்பார்கள். மரத்தடியில் சட்டி பிடித்துக்கொண்டு நிற்பது சின்ன வயசிலிருந்து அவள் வேலை. அந்தக் கை தறிக்கார வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. வந்த புதிதில் ஒரு நாள், பாவுக்காகக் காய்ச்சி வைத்த கஞ்சியைக் குடிக்கிற கஞ்சி என்று நினைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயமும் உரித்து வைத்துப் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்குப் பெயர் மலைக்காரி. மாமியார் அத்தாயி மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டாள். அவளுக்கு அதைவிட நீளமாகப் பேச வரும்.

பனி விலகவே நேரமாகிவிட்டது. வழக்கமாக வெயில் வருமுன் முடிகிற வேலை, அன்றைக்கு வெயில் வந்த பிறகுதான் பாதிக்கு வந்தது. பாவின் ஒரு பக்கம் குழந்தைவேல். மறுபக்கம் அவன் பெரியப்பா சடையன். சடையன் நடக்கும்போதும் பேசுவார், நிற்கும்போதும் பேசுவார். ராசாத்தி கஞ்சிச் சட்டியோடு மரத்தடியில் நின்றாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தெருவில் இருக்கிற ராட்டை அத்தனையையும் ஒரே நேரத்தில் சுற்றியதுபோல் ஒரு இரைச்சல். எல்லோரும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ராசாத்தி மட்டும் மேலே பார்த்தாள். வேப்பமரத்துக்கு மேலே புகைபோல ஒன்று சுழன்றது, தாழ்ந்தது, விரிந்தது, ஒரு வட்டம் அடித்தது. பிறகு, பாவடியில் எத்தனையோ மரமும் மட்டையும் இருக்க, குழந்தைவேலின் நூறாம் நம்பர் பாவின் நட்டநடுவில் வந்து இறங்கியது.

பிரசு ஒரு பக்கம் விழுந்தது, சடையனின் தலைப்பாகை ஒரு பக்கம் விழுந்தது. இரண்டு பேரும் வேலி வரைக்கும் ஓடித்தான் திரும்பிப் பார்த்தார்கள். பாவுக்கு அடியில் ஒரு பலாப்பழம் கணக்காகத் தேனீக்கள் தொங்கின. கனத்தில் பாவு ஒரு சாண் கீழே தொய்ந்திருந்தது.

"மலைத்தேனீடா," என்றார் சடையன், மூச்சு வாங்கிக்கொண்டே. "எங்க மச்சான் ஊருல ஒரு காளையவே கொட்டிக் கொன்னுபோட்டுது. தென்னமட்டையக் கொளுத்திக் கொண்டாங்க. ஒரே வீச்சு."

"பாவு என்னாகறது பெரியப்பா?"

"பாவுல படாம தூரத்துல காட்டோணும்."

"தூரத்துல காட்டுனாப் போகுமா?"

சடையன் யோசித்தார். "போகாது. அதுக்குத்தான் கிட்டக் காட்டறது."

அத்தாயி வீட்டுக்குள்ளிருந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "அரிசிக் கஞ்சி வாசத்துக்கு வந்திருக்குது. வேற என்னத்துக்கு வருது? அக்கட்டால ஒரு சட்டியில கஞ்சி ஊத்தி வைங்க, எறங்கி அங்க போயிரும்."

அப்படியே ஒரு சட்டி நிறையக் கஞ்சி ஊற்றி வேலியோரம் வைத்தார்கள். தெரு நாய் ஒன்று வந்து ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அத்தாயியின் முகத்தைப் பார்த்தது. தேனீக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இதற்குள் யாரோ நிஜமாகவே தென்னமட்டையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ராசாத்தி குறுக்கே போய் நின்றாள்.

"மட்டைய அங்கயே வைங்க மாமா. நெருப்பக் காட்டுனா அத்தனையும் பறக்கும், தெருவுல கைக்குழந்தை வரைக்கும் கொட்டும். பாவுமேல கரி உழுகும். நான் போய் என்ன பூச்சின்னு பாத்துட்டு வாரேன்."

"எல்லாப் பூச்சியும் பூச்சிதான்," என்றாள் அத்தாயி. "நூலு நம்பரு தெரியாதவளுக்கு ஈ நம்பரு தெரியுமாக்கும்."

ராசாத்தி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டாள், மூச்சுக்காற்று அவற்றின்மேல் படக்கூடாது. அவசரப்படாமல், கோயிலுக்குள் நடப்பதுபோல நடந்து போனாள். கிட்டே போனதும் குனிந்து பார்த்தாள். பிறகு புறங்கையைக் கூட்டத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டிச் சற்று நேரம் வைத்திருந்தாள். ஒன்றும் எழுந்து வரவில்லை. போன மாதிரியே திரும்பி வந்தாள்.

"இது மலைப் பெருந்தேன் பூச்சி இல்லீங்க. அது வெரல் கணு நீளம் இருக்கும். இது நெல்லுமணியவுடச் சித்தப் பெருசு, வயித்துல கருப்புக் கோடு. மரப்பொந்துல அடுக்கடுக்காக் கட்டற சாதி. இங்க தட்டு எதுவும் கட்டலீங்க. பழைய ஊட்டுல எடம் பத்தாம, தாய்ப்பூச்சியக் கூட்டிக்கிட்டுப் புது ஊடு தேடிக் கெளம்புனது, வழியில எளைப்பாறுது. வகுறு முட்டத் தேனக் குடிச்சுட்டுத்தான் கெளம்பும். இப்பக் காக்கறதுக்கு அதுக்குக் குஞ்சுமில்ல, தேனுமில்ல. நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

"சும்மா இருந்துக்கிட்டே இருக்குமா, போகுமா?" என்றான் குழந்தைவேல்.

"ஊடு பாக்கறதுக்கு நாலு பூச்சி போயிருக்குமுங்க. அது வந்து சேதி சொன்னதும் மொத்தமும் எந்திரிச்சிரும். வெயிலு வேப்பமரத்து உச்சியில இருந்து தரைக்கு எறங்கறதுக்குள்ளாரப் போயிரும்."

"போகலீன்னா?" என்றாள் அத்தாயி.

குழந்தைவேல் தொய்ந்து கிடக்கும் பாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "அவ சொல்றபடி உடுங்க," என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தப் பூச்சி சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்று ராசாத்தி வேண்டிக்கொண்டாள். பாவு கெட்டால் துண்டுத் தறி, அது பழகியதுதான். தன்னை நம்பியதால் கெட்டது என்று ஆகிவிட்டால், அதை எந்தத் தறியில் நெய்து தீர்ப்பது?

நடுவில் ஐந்து முழத்தை விட்டுவிட்டு, இரண்டு கோடியிலும் பிரசு போட்டார்கள். குழந்தைவேலோடு சேர்ந்து பிரசு பிடிக்கத் தெருவில் இன்னொருவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். "நடுவாக்குல இருக்கற இழைய நான் பாத்துக்கறேன், அதப்பத்தி நீங்க ரோசனை பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டுச் சடையன் எங்கேயோ போனார். எங்கே போனார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

வெயில் உச்சிக்கிளையிலிருந்து நடுக்கிளைக்கு வந்தது. நடுக்கிளையிலிருந்து அடிமரத்துக்கு வந்தது. பிறகு தரையில் இறங்கி, கோழிக்குஞ்சுபோல அங்கங்கே மேய்ந்தது. தேனீக்கள் அசையவில்லை. போதாததற்கு முன்னைவிட நெருக்கமாக அல்லவா ஒட்டிக்கொண்டு தொங்கின. பலாப்பழமாக இருந்தது இறுகித் தேங்காயாகி இருந்தது.

"எறங்கிருச்சு வெயிலு," என்றாள் அத்தாயி. சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் அவள் அத்தாயி இல்லை. "சேதி கொண்டுவரப் போன பூச்சி சேந்தமங்கலத்துக்கே நடந்து போயிருக்கும். போயிட்டு வரட்டும், நாளான்னைக்கு வந்துரும்."

தெருப் பெண்கள் சிரித்தார்கள். ராசாத்திக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. அவளுக்குப் புரியாமல்தான் இருந்தது. வெயில் நன்றாக இருக்கிறது, காற்று இல்லை. இந்த நேரத்தில் தன் ஊரில் இதுவரைக்கும் எந்தக் கூட்டமும் இப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

இந்தச் சமயம் பார்த்தா கைலாச முதலாளி வரவேண்டும்? வந்தார். குடையும், சரிகைத் துண்டுமாக வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய ஜவ்வாது வாசனை வந்தது.

"என்ர நூலு எப்படி இருக்குதுன்னு பாக்க வந்தேன்," என்றார். பார்த்தார். "இதென்ன, நடுவுல பொட்டலம் கட்டித் தொங்க உட்டிருக்கறீங்க?"

சொன்னார்கள். அவர் கிட்டே போகக் காலெடுத்தார்.

"மொதலாளி, ஜவ்வாது வாசத்தோட கிட்டப் போகாதீங்க. அதுகளுக்கு ஆகாது," என்றாள் ராசாத்தி.

"என்ர நூலுக்குப் பக்கத்துல நான் போகறதுக்கு ஈ கிட்டக் கேக்கோணுமா?"

கேட்டிருக்கலாம். நாலு எட்டு வைத்ததும் ஒன்றே ஒன்று எழுந்து வந்து, அவர் இடது காது மடலில் உட்கார்ந்து, தன் அபிப்பிராயத்தைச் சொன்னது. முதலாளி ஓடவில்லை, அதை நாம் சொல்லத்தான் வேண்டும். குடையை மடக்கினார், திரும்பினார், வந்த நடையைவிடச் சற்று வேகமான ஒரு நடையில் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். காதைக் கிள்ளப் போனவரின் கையை ராசாத்தி தடுத்தாள்.

"கிள்ளாதீங்க, கிள்ளுனா வெசம் உள்ள எறங்கிரும். நகத்துல வழிச்சு எடுக்கோணும்." சுண்டுவிரல் நகத்தால் பக்கவாட்டில் ஒரு சீவு சீவினாள். முள் வந்துவிட்டது. அத்தாயி தன் சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினாள். சிவந்த காதும் வெள்ளைச் சுண்ணாம்புமாக முதலாளி குழந்தைவேலைப் பார்த்தார்.

"உச்சிப் பொழுதுக்குள்ள பாவு சுருட்டியிருக்கோணும். அதுவரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன்." மரத்தடியில் ஒரு கட்டில் போடப்பட்டது. அதில் உட்கார்ந்துகொண்டார்.

ராசாத்தி பாவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். பெண்களின் சிரிப்புக் கேட்காத இடமாக இருந்தால் போதும் என்று போனாள். அங்கே, கவைக்காலுக்குப் பின்னால், தரையில் குந்திக்கொண்டு ஒரு உருவம் இருந்தது. தலையில் முக்காடு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கையில் வேப்பங்குழை. அந்தக் கை குழையை வாளியில் நனைத்தது, மெதுவாக நீண்டது, தேனீக் கூட்டத்தின்மேலும் சுற்றியிருந்த இழைகளின்மேலும் பன்னீர் தெளிப்பதுபோலத் தெளித்தது, மறுபடி முக்காட்டுக்குள் போய்விட்டது.

"மாமா," என்றாள் ராசாத்தி, "என்ன பண்றீங்க?"

சடையன் முக்காட்டை விலக்கினார். "மெதுவாப் பேசு. நடுவாக்குல இருக்கற இழை காஞ்சா ஒட்டிப்போகுமில்ல? அதுதான் அப்பப்ப ஈரம் காட்டறேன். ஈயும் ஒண்ணும் சொல்லல. நல்ல ஈ."

"எப்ப இருந்து?"

"நீ வாக்குக் குடுத்துட்டு அக்கட்டப் போனயே, அப்ப இருந்து."

ராசாத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. பிள்ளை அழுகிறாளோ என்று சடையன் பயந்துபோனார். குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள்.

"மாமா, அது மழை பேயுதுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. தண்ணி பட்டா ஒண்ணையொண்ணு கட்டிப் புடிச்சுக்கிட்டு அசையாது. மழையில யாரு சாமி ஊடு மாறுவாங்க?"

சடையன் குழையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "அப்ப இத்தன நேரமா நாந்தான் உக்கார வச்சிருக்கறேனா?"

"நீங்கதானுங்க."

"தெளிக்கறத நிறுத்திப்போட்டா?"

"அரை நாழியில காஞ்சு, போயிரும்."

"அரை நாழியில இழையும் காஞ்சு ஒட்டிப் போயிருமே அம்மிணி."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெளித்தால் பூச்சி போகாது, தெளிக்காவிட்டால் பாவு போய்விடும். சடையன் அறுபது வயசில் முதல்முறையாகப் பேச ஒன்றும் இல்லாமல் இருந்தார்.

ராசாத்தி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நனைந்து, குளிர்ந்து, இறக்கையை மடக்கிக்கொண்டு, நெல் குவித்ததுபோல் இருந்தது. பிறகு எழுந்து சேலையை உதறினாள்.

"தெளிங்க மாமா. நல்லாத் தெளிங்க. ஆனா மொத்தமா ஊத்திப்போடாதீங்க, பூச்சி செத்துப்போகும். தூத்தல் கணக்கா உழுகட்டும்."

"இப்பத்தான மழைன்னு நெனைக்குதுன்னு சொன்ன?"

"நெனைக்கட்டும். நனைஞ்ச பூச்சி பறக்காது. நான் கையில அள்ளிக் கூடையில போட்டுக்கறேன்."

அவள் கூடை கேட்டு வீட்டுப்பக்கம் வந்தபோது, நடந்ததைச் சடையன் இருந்த இடத்திலிருந்தே கத்திச் சொல்லி முடித்துவிட்டார். அத்தாயி மருமகளைப் பார்க்காமல் உள்ளே போனாள். சாணி மெழுகிக் காய்ந்த புதுக் கூடை ஒன்றைக் கொண்டுவந்தாள். "நெல்லு அளக்கறதுக்கு வாங்குனது. பொத்தல் இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கு இன்னொரு கை வேணுமுங்க," என்று ராசாத்தி புருஷனிடம் சொன்னாள். "பூச்சி கால்ல இழையப் புடிச்சிருக்கும். நான் கீழ இருந்து அள்ளும்போது இழை கூட வந்து அறுந்துபோகும். மேல இருந்து ஒருத்தரு இழைய வெலக்கி உட்டுக்கிட்டே வரோணும். அது எனக்கு வராது. உங்களுக்குத்தான் வரும்."

குழந்தைவேல் கூட்டத்தை எட்டிப் பார்த்தான். "கொட்டுமா?"

"உதறுனாக் கொட்டும். அறுந்த இழைய முடியறப்ப உங்க கை எப்படி இருக்குமோ, அப்படி இருந்தாப் போதும்."

அவன் கையை அவன் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு வந்து பாவுக்கு மேலே குனிந்து நின்றான். ராசாத்தி பாவுக்கு அடியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சடையன் தூற்றல் போட்டார். தெரு மொத்தமும் மரத்தடியில் வந்து கூடியது.

ராசாத்தி இரண்டு கையையும் குவித்துக் கூட்டத்தின் அடியில் கொடுத்தாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. அடைகாக்கும் கோழியின் வயிற்றுக்கடியில் கை விட்டதுபோல. விரல் எலும்புக்குள் ஒரு ரீங்காரம் ஏறியது. மெதுவாகக் கையை இறக்கினாள். ஒரு கை நிறைய வந்தது. மேலே குழந்தைவேலின் விரல்கள் இழை இழையாக விலக்கின. ஒட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு காலும் விட்டுக்கொடுத்தது. கூடைக்குள் வைத்தாள். கவிழ்க்கவில்லை, போடவில்லை, வைத்தாள். மறுபடி ஒரு கை. மறுபடி ஒன்று.

நாலாவது கையின்போது குழந்தைவேலின் மணிக்கட்டில் ஒன்று கொட்டிவிட்டது. அவன் முகம் சுருங்கியதை ராசாத்தி கீழேயிருந்து இழைகளின் ஊடே பார்த்தாள். ஆனால் கை அசையவில்லை. அவன் இரண்டு விரல்களுக்கு நடுவே அப்போது ஒரு இழை இருந்தது.

"உட்டுட்டு வெளிய போங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள் மெதுவாக.

"இழை அந்துரும். நீ அள்ளு புள்ள," என்றான் அவன்.

ஆறாவது கையில் மற்றதைவிட நீளமாக, செம்பட்டை வயிறோடு ஒரு பூச்சி தெரிந்தது. அவசரமே இல்லாமல் மற்றவற்றின்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. ராசாத்தி மூச்சை உள்ளே இழுத்து, அந்தக் கையைக் கூடைக்குள் இறக்கினாள்.

"தாய்ப்பூச்சி உள்ள போயிருச்சு. தண்ணிய நிறுத்துங்க மாமா. இனி யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம்."

ஈரத் துணியால் கூடையை மூடி, ஓரத்தில் நாலு விரல் வாசல் விட்டு, பாவை ஒட்டினாற்போல் நிழலில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த வாசலில் ஐந்தாறு பூச்சிகள் வந்து நின்று, வாலைத் தூக்கிக்கொண்டு இறக்கையால் விசிற ஆரம்பித்தன. வாசனை போனதோ, சேதி போனதோ, பாவில் மிச்சமிருந்தவை வெயிலில் சிலிர்த்துக்கொண்டு ஒன்று ஒன்றாக இறங்கி, சந்தை முடிந்து வீடு திரும்பும் சனம்போல் வரிசையாகக் கூடைக்குள் நடந்தன.

"பாத்தீங்களா," என்றார் சடையன் எல்லோரிடமும், "நான் மட்டும் காலையில இருந்து தண்ணி தெளிச்சு உக்கார வைக்கலீன்னா இதப் புடிச்சிருக்க முடியுமா?"

உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. ஒருவருடைய முறையில் இன்னொருவர் பிரசு தொடுவது பாவடி வழக்கமில்லை, கூப்பிட்டால்தான் வருவார்கள். இப்போது யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஆறு சோடிப் பிரசு வந்து நின்றது. அத்தாயி நடுவாக்கில் திரும்பவும் ஒரு கை இளங்கஞ்சி தடவினாள். ஆறு சோடியும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. குழந்தைவேல் வீங்கிய மணிக்கட்டோடு அறுந்த இழைகளைத் தேடி முடிந்தான். பதினொன்று அறுந்திருந்தது. தேன் பூச்சி ஏறாத நாளிலேயே அதற்குமேல் அறுந்துபோகும் என்று சடையன் சொன்னார்.

பாவு உலர்ந்ததும் முதலாளி கட்டிலைவிட்டு எழுந்தார். பாவின் இந்தக் கோடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே அந்தக் கோடி வரைக்கும் போனார். திரும்பித் தடவிக்கொண்டே வந்தார். நடுவில் நின்றார்.

"எந்த எடத்துல உக்காந்திருந்துது?"

குழந்தைவேல் குனிந்து பார்த்தான். இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். "இங்கதானுங்க. இல்லீங்க, இன்னும் ஒரு முழம் அக்கட்ட இருக்கும். தெரியலீங்களே."

"உனக்கே தெரியலீன்னா வேட்டி கட்டறவனுக்கா தெரியப் போகுது? சுருட்டு." நாலு அடி போனவர் நின்றார். "நாளைக்குக் காலையில வந்து அடுத்த பாவுக்கும் நூல எடுத்துக்க. இதே நம்பரு. இத நெய்ஞ்சு முடிக்கற வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கறது?"

குழந்தைவேல் இரண்டு எட்டு முன்னால் வந்தான். கையைக் கூப்பினான்; கூப்பும்போதுதான் மணிக்கட்டு எவ்வளவு வலிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

முதலாளி போகவில்லை. குடையை விரித்தார், மடக்கினார். ராசாத்தி கூடையருகே உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத என்ன பண்ணப் போற அம்மிணி?"

"பொழுது எறங்கட்டுமுங்க. வெளிய மேயப் போனதெல்லாம் வந்து அடையும். அப்புறம் ஏரிக்கரைப் புளியமரத்துல ஒரு பொந்து இருக்குது, அங்க கொண்டுபோய் உட்டர்றேன். தெருவுக்கும் தொந்தரவு இல்ல, அதுக்கும் ஊடு கெடைச்ச மாதிரி."

"அதுக்கில்ல." அவர் காதைத் தொட்டுக்கொண்டார். அது இப்போது பணியாரம்போல் உப்பியிருந்தது. "என்ர கிட்டங்கியில, உத்தரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு கூடு இருக்குது. போன ஆடியில இருந்து. நூலு எடுக்கப் போகறவனெல்லாம் குனிஞ்சுக்கிட்டே போறான். வெளிய சொல்லல. சொன்னா எவன் வருவான்?"

"தட்டு கட்டியிருக்குதுங்களா?"

"அடுக்கடுக்கா."

"அப்ப அது குடித்தனம் நடத்தற ஊடுங்க. குஞ்சும் தேனும் இருக்கும், காவல் இருக்கும். இந்த மாதிரி அள்ளறதுக்கு உடாது. அதுக்கு வேற வேலை. புகை வேணும், ஒவ்வொரு தட்டா அறுத்து எடுத்துக் கூடையில கட்டோணும். நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கல்லெறியவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். நீங்களும் ஜவ்வாது பூசிக்கிட்டு உள்ள போகாதீங்க."

"ஜவ்வாது பூசாம நான் எப்படி யாவாரம் பண்றது?" என்றார் முதலாளி, நிஜமான கவலையோடு.

ராசாத்தி கூடையின் துணியைச் சரிசெய்தாள். பின்னாலிருந்து அத்தாயியின் குரல்தான் வந்தது.

"அதெல்லாம் நாளைக்கு எங்க மருமக வந்து பாத்துச் சொல்லுவா மொதலாளி. பூச்சியப் பாத்தான்னா சாதி, கொலம், எந்த ஊட்டுல வாக்கப்பட்டுதுங்கற வரைக்கும் சொல்லிப்போடுவா." பிறகு சுருக்குப் பையின் கயிற்றை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டே, யாரும் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னாள்: "நானும் கூட வாரேன். கூடை புடிக்கறதுக்கு வெவரமான ஆளு ஒருத்தரு வேணுமில்ல?"